பேனல் போர்டை மேலே ஏற்றுங்கள்: எங்கள் அடுக்ககச் சங்கத்துக்குத் தரைத்தளத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தலைவர் சார், செயலாளர் சார், பொருளாளர் மேடம், முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடி வரை குடியிருக்கும் இருபத்து நான்கு வீட்டார் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில், கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும், கட்டடம் முழுவதற்கும் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பேனல் போர்டை வெள்ளத்தில் நனையாத உயரத்துக்கு மாற்றும் வேலையை "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்தீர்கள். கை தூக்கச் சொன்னபோது வேண்டாம் என்று பதினேழு கைகள், வேண்டும் என்று ஆறு. அந்த ஆறில் நான்கு தரைத்தள வீடுகளுடையவை. அடுத்த பத்தே நிமிடத்தில் முகப்புக்கு வண்ணம் பூசவும் நுழைவாயில் தரைக்குக் கிரானைட் போடவும் ஏழு லட்சம் ரூபாய் ஒதுக்கினீர்கள். நான் பேச எழுந்தேன், "நேரமாயிடுச்சு மேடம், குரூப்பில் போடுங்க" என்றீர்கள். நம் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று மாற்றி மூன்று மாதம் ஆகிறது. வேறு வழியில்லாமல்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் கட்டடத்தின் பெயரையும் எழுதவில்லை. சென்னையில் நம் வேளச்சேரியில் இதே நிலையில் எத்தனையோ அடுக்ககங்கள் இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும்.

கட்டடம் கட்டி முடித்த நாளிலிருந்து தரைத்தளத்து ஜி-3 வீட்டில் இருக்கிறேன். என் மாமியாருக்கு எண்பத்தோரு வயது, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறார், படி ஏறுவது சிரமம், அதனால்தான் தரைத்தளம் வாங்கினோம். வாங்கியபோது நம் வாசல் சாலையைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது, கேட்டுக்கு மூன்று படி ஏறி வர வேண்டும். அப்புறம் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, இன்று சாலையிலிருந்து உள்ளே இறங்கி வருகிறோம். தெருக்கோடியில் இருக்கும் தனி வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொண்டார்கள். அடுக்ககத்தில் இருக்கும் நாங்கள் நான்கு பேர் அப்படிச் செய்ய முடியாது. எங்கள் தலைக்கு மேல் நீங்கள் இருபத்து நான்கு வீடு இருக்கிறீர்கள்.

2015 டிசம்பர் 1 செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அன்று எங்கள் வீட்டுக்குள் நான்கடி தண்ணீர். அப்போது யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஊரே தவித்தது, அதற்காக யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2023 டிசம்பரில் நமக்குத் தெரியும். மிக்ஜாம் புயல் வருகிறது என்று நான்கைந்து நாட்களாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சங்கத்திலிருந்து வந்தது ஒரே ஒரு செய்தி: "அனைவரும் பாதுகாப்பாக இருக்கவும், மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொள்ளவும்."

அந்த இரவை மேல்மாடிக்காரர்களுக்கு ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தண்ணீர் கேட் வழியாக வந்தது என்றுதான் உங்களில் பலர் இன்னும் நினைக்கிறீர்கள். டிசம்பர் 3 ஞாயிறு இரவு முழுக்க மழை. விடியற்காலை மூன்று மணி இருக்கும், குளியலறையில் குபுகுபுவென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன், தரை ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. கேட்டில் அப்போது கணுக்கால் அளவுகூட இல்லை. தெருவில் சாக்கடைக் குழாய் நிரம்பி, நம் வளாகத்துச் சாக்கடைத் தொட்டியான சேம்பர் நிரம்பி, இருபத்து நான்கு வீட்டுக் கழிவும் சேர்ந்து, கழிப்பறைகளிலேயே மிகத் தாழ்வான எங்கள் கழிப்பறை வழியாக ஏறியது. துணி வைத்து அடைத்தேன், அது துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு மணி நேரத்தில் கூடத்தில் முழங்கால் அளவு. அதற்குப் பிறகுதான் கேட் பக்கத்திலிருந்து மழைவெள்ளம் வந்து சேர்ந்தது.

மாமியாரை என் மகனும் வாட்ச்மேனும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அப்படியே தூக்கி மாடிக்குக் கொண்டு போனார்கள். முதல் மாடியில் இரண்டு வீடுகளில் கதவைத் திறந்தார்கள், அந்த நன்றி சாகிற வரை இருக்கும். எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டே முக்கால் அடி வரை ஏறியது. அடையாளம் இன்னும் சுவரில் இருக்கிறது. வண்ணம் பூசும்போது வேண்டுமென்றே அந்த ஒரு கோட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன், யார் வந்து பார்த்தாலும் காட்டுவேன்.

சரி, இது தரைத்தளத்துக் கஷ்டம், எங்களுக்கு ஏன் செலவு என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அவருக்கு அந்த வாரத்தை ஞாபகப்படுத்த விரும்புகிறேன். நம் பேனல் போர்டின் அடிப்பகுதி தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் நின்றது இரண்டே முக்கால் அடி. தெருவில் மின்சாரம் எட்டாம் தேதி வந்துவிட்டது. நம் கட்டடத்துக்கு வந்தது பதினான்காம் தேதி. ஆறு நாள் வித்தியாசம், அத்தனையும் பேனல் நனைந்ததால். எலெக்ட்ரீஷியன் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, முழுதாக உலரும் வரை, சுட்டுப்போன பகுதிகளை மாற்றும் வரை தொடவே கூடாது என்றார், அவர் சொன்னது சரி. ஜெனரேட்டர் வைத்து ஓட்டிய ஒரு பகல் தவிர அந்த ஆறு நாளும் மோட்டார் இல்லை, மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, லிஃப்ட் இல்லை. மூன்றாம் மாடியில் கைக்குழந்தையோடு இருந்த பெண் இரண்டு கையிலும் வாளி தூக்கிக்கொண்டு படியேறியதை நான் பார்த்தேன். அவர் வீட்டுக்குள் ஒரு துளி வெள்ளம் வரவில்லை. ஆனால் அவருக்கு வர வேண்டிய தண்ணீரும் வெளிச்சமும் கீழே, எங்களோடு சேர்ந்து, அந்தச் சேற்றில்தான் கிடந்தன.

"மழைநீர் வடிகால் போட்டாச்சு, இனி தண்ணி நிக்காது" என்பதுதான் கூட்டத்தில் அதிகம் கேட்ட வாதம். வடிகால் வேலை நடந்தது உண்மை, சாதாரண மழைக்குத் தெரு முன்னைவிட வேகமாக வடிகிறது என்பதும் உண்மை, நானே பார்க்கிறேன். ஆனால் அந்த வடிகால் தண்ணீரை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேளச்சேரி ஏரியின் உபரியும், ஆதம்பாக்கம் பக்கமிருந்து வீராங்கல் ஓடையில் வருவதும், நம் தெருக்களின் நீரும் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்புக்குத்தான் போயாக வேண்டும். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்பட்டோமே, அதே சதுப்பு. அதன் பெரும்பகுதி நம்மைப் போன்றவர்களின் வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் சாலைகளாகவும் ஆகிவிட்டது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, அப்புறம் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் தெற்கே முட்டுக்காடு, கோவளம் பக்கம் போய்த்தான் கடல். புயல் நேரத்தில் கடல் பொங்கி நின்றால் அந்தப் பக்கம் தண்ணீரை வாங்காது. சதுப்பு நிரம்பி நிற்கும்போது வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் வடிய இடம் கிடையாது. வேளச்சேரியில் மழை நின்ற பிறகும் நாள் கணக்கில் தண்ணீர் நிற்பதற்கு இதுதான் காரணம். ஒரு ஊர் தாழ்வாக இருப்பதை வடிகால் போட்டு மாற்றிவிட முடியாது.

நம்மில் பலருக்கு இது உள்ளுக்குள் நன்றாகவே தெரியும். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றவுடன் நம் கட்டடத்துக் கார்களில் ஒன்பது கார்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் போய் நின்றன. நான் அதைக் குறை சொல்லவே இல்லை, சரியான காரியம் செய்தீர்கள். வண்டிக்குள் தண்ணீர் போன பிறகு சாவி போட்டால் இன்ஜினே போய்விடும், அப்படி ஸ்டார்ட் செய்ததால் கெட்டுப்போன இன்ஜினுக்குச் சாதாரண பாலிசியில் பணம் வருவதும் கஷ்டம் என்பதை 2015இல் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டோம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. காரைக் காப்பாற்ற முந்தின நாளே கிளம்பியவர்கள், காருக்குப் பத்தடி தள்ளிச் சுவரில் இருக்கும் பேனல் போர்டை அப்படியே விட்டுவிட்டுப் போனோமே, அதை யார் காப்பாற்றுவது?

என் வீட்டுக்கு நான் என்ன செய்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் சங்கத்தை எதிர்பார்க்கிறார்கள் தரைத்தளத்துக்காரர்கள் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது.

புரட்டாசி பிறந்ததும் ஆரம்பிக்கிறேன். பீரோவின் அடித்தட்டைக் காலி செய்வது முதல் வேலை. 2015இல் என் கல்யாணப் பட்டுப்புடவைகளும் வீட்டுப் பத்திரமும் அந்த அடித்தட்டில்தான் இருந்தன. பத்திரத்தை ஒவ்வொரு தாளாகப் பிரித்து, செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, ஃபேன் காற்றில் பதினைந்து நாள் உலர்த்தினேன், முத்திரைகள் கரைந்துபோய்ச் சில பக்கங்கள் படிக்கவே முடியவில்லை. இப்போது பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், பாஸ்போர்ட், ஆதார், மாமியாரின் மருத்துவக் காகிதங்கள் எல்லாம் ஜிப் வைத்த தடிமன் உறையில், அதற்கு மேல் இன்னொரு உறை, பரணில். ஒவ்வொன்றையும் படமெடுத்து மகனுக்கும் என் தம்பிக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.

பிளைவுட் அலமாரியெல்லாம் இனி கிடையாது. தண்ணீரில் ஊறிய பிளைவுட் இட்லி மாதிரி உப்பிப் போகிறது. கீழே இருக்க வேண்டியவை எல்லாம் இரும்பு, பிளாஸ்டிக், கடப்பா கல். ப்ளக் பாயின்ட்டுகள் அத்தனையையும் ஐந்தடிக்கு மேல் ஏற்றியாயிற்று, அதற்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது, யாரிடமும் கேட்கவில்லை. இன்வெர்ட்டர் பேட்டரி சுவரில் அடித்த இரும்புத் தாங்கியில் இருக்கிறது. எட்டு ஹாலோ பிளாக் எப்போதும் பின்கட்டில் தயாராக இருக்கும், எச்சரிக்கை வந்தால் ஃபிரிட்ஜ் நான்கு கல்லின் மேல், வாஷிங் மெஷின் நான்கு கல்லின் மேல். அரிசி டிரம் மேடையில். காஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, மூடி போட்டு, சங்கிலியால் ஜன்னல் கம்பியில் கட்டிவிடுவேன். 2015இல் காலியாகும் நிலையிலிருந்த சிலிண்டர் மிதந்து போய்க் கதவை இடித்துக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் இன்னும் கனவில் வருகிறது. மாமியாரின் இன்சுலினுக்கு ஒரு மண்பானை, அதற்குள் சின்ன எவர்சில்வர் டப்பா, வெளியில் ஈரத்துணி. மின்சாரம் இல்லாத நாளில் அதுதான் எங்களுக்கு ஃபிரிட்ஜ்.

கழிப்பறைக் கோப்பைக்குள் வைக்க, தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறேன். தரை ஜாலிக்கு ரப்பர் மூடி வாங்கியிருக்கிறேன், மேலே கனமான கருங்கல். வீட்டுக்கு இன்ஷூரன்சும் எடுத்துவிட்டேன். 2021 ஏப்ரல் முதல் பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லா நிறுவனத்திலும் ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசி கிடைக்கிறது, வெள்ளமும் அதில் அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் பத்து லட்சம் வரை வீட்டுச் சாமான்களுக்கும் சேர்ந்தே வரும். மாடியில் இருப்பவர்களும் எடுத்து வைக்கலாம். ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் அறை அறையாக வீடியோ எடுத்து வைக்கிறேன், என்னென்ன இருந்தது என்று சர்வேயரிடம் காட்ட.

இவ்வளவும் நான் செய்துவிட்டேன். ஆனால் அந்தக் கருங்கல்லையும் மணல் பையையும் எத்தனை நேரம் தண்ணீர் மதிக்கும்? மேலிருந்து இருபத்து நான்கு வீடும் ஃப்ளஷ் செய்துகொண்டே இருந்தால், வெளியேறும் குழாயில் எதிர்த்து வருவதைத் தடுக்கும் வால்வ் இல்லாவிட்டால், அந்த அழுத்தம் என் வீட்டில்தானே வெடிக்கும்? என் ப்ளக் பாயின்ட் ஐந்தடியில் இருந்து என்ன பயன், அதற்கு மின்சாரம் கொடுக்கும் பேனல் இரண்டடியில் இருக்கிறதே. என் மொட்டைமாடித் தொட்டிப் பங்கை நிரப்பும் நிலத்தடித் தொட்டியான சம்ப், அதன் வாய் தரையோடு தரையாக இருக்கிறதே. 2023இல் அந்தச் சம்ப்புக்குள் சாக்கடை இறங்கிவிட்டது தெரியாமல், ஜெனரேட்டரை வைத்து மோட்டாரைப் போட்டு மேலே ஏற்றினோம், அதைத்தான் ஒரு பகல் முழுக்க இருபத்து எட்டு வீடும் பாத்திரம் கழுவப் பயன்படுத்தினோம். நான்கு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அடுக்ககத்தில் ஒரு வீட்டை மட்டும் தனியாக வெள்ளத்துக்குத் தயார்செய்ய முடியாது, இதைச் சொல்லத்தான் அன்று எழுந்து நின்றேன்.

வாட்ச்மேன் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், கூட்டத்தில் அவர்கள் பேச்சே வரவில்லை. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறார்கள். படிக்கட்டுக்கு அடியில் எட்டுக்கு ஏழு அடி அறை, நம் கட்டடத்திலேயே தாழ்வான இடம் அதுதான், என் வீட்டைவிடவும் அரை அடி இறக்கம். 2015லும் 2023லும் முதலில் முழுகியது அவர்கள் அடுப்பும் பாயும்தான். 2023இல் அவர் என் மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஏறியபோது அவருடைய மனைவி அந்த அறையில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இரண்டு ராத்திரி முதல் மாடிப் படித்திருப்பத்தில் உட்கார்ந்தே தூங்கினார்கள். அரசு கொடுத்த ஆறாயிரம் ரூபாய் நிவாரணம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது. சங்கம் அவர்களுக்கு என்ன கொடுத்தது என்று ஆண்டறிக்கையில் தேடினேன், ஒரு வரிகூட இல்லை. மொட்டைமாடியில் லிஃப்ட் அறையை ஒட்டி ஒரு நல்ல அறை இருக்கிறது. அதில் இப்போது உடைந்த நாற்காலிகளும் பழைய விநாயகர் சதுர்த்திப் பந்தல் கம்புகளும் கிடக்கின்றன.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பேனலையும் மீட்டர்களையும் உயரத்துக்கு மாற்ற ஒப்பந்தக்காரர் கொடுத்த மதிப்பீடு 4,80,000 ரூபாய். வீட்டுக்குப் பதினேழாயிரத்துச் சொச்சம். 2023 வெள்ளத்துக்குப் பிறகு செலவானதை நீங்களே ஆண்டறிக்கையில் அச்சடித்திருக்கிறீர்கள்: பேனல் பழுதுக்கு 2,10,000, லிஃப்ட் போர்டு மாற்றியதற்கு 1,35,000, ஜெனரேட்டருக்கு 48,000, இரண்டு மோட்டாருக்குச் சுருள் கட்ட 22,000, டேங்கர் தண்ணீருக்கு 32,400, தண்ணீர் இறைக்க வாடகைப் பம்புக்கு 36,000. மொத்தம் 4,83,400. ஒரே ஒரு வெள்ளத்துக்குக் கொடுத்த தொகை இது, இதில் எங்கள் நான்கு வீட்டு நஷ்டம் சேரவில்லை. இன்னொரு முறை வந்தால் இதே தொகையை, இன்றைய விலையில், மறுபடி கொடுப்போம். முகப்புக்கு வண்ணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தை பிறந்த பிறகு பூசலாம். இப்போது பூசினால் முதல் வெள்ளத்திலேயே கீழ் மூன்றடி கறுத்துப் போகும்.

இன்னொன்று. வீடுகள் அவரவருடையவை என்றாலும் பேனல், சம்ப், சாக்கடைக் குழாய், லிஃப்ட், கேட் எல்லாம் நம் எல்லோருடைய யுடிஎஸ் என்னும் பிரிக்கப்படாத பங்கில் வருகிற பொதுச்சொத்து. மாதா மாதம் மெயின்டனன்ஸ் எங்களிடமும் உங்களுக்குச் சமமாகத்தான் வாங்குகிறீர்கள், நாங்கள் ஏறாத லிஃப்ட்டுக்கும் சேர்த்து. அதை இதுவரை ஒருநாளும் நாங்கள் கேள்வி கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டோம்.

இனி நான் கேட்பவை.

புரட்டாசி முடிவதற்குள் சிறப்புப் பொதுக்குழு ஒன்றைக் கூட்டுங்கள், பேனல் விஷயம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு. மீட்டரை இடம் மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பம் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்து, உரிமம் உள்ள ஒப்பந்தக்காரர் செய்து முடிக்க வாரங்கள் ஆகும், ஐப்பசி அடைமழை அதுவரை காத்திருக்காது. இந்த மழைக்குள் முடியாது என்றால் விண்ணப்பமாவது இப்போதே போகட்டும், தை மாதத்தில் முதல் வேலையாக நடக்கட்டும். பேனல் போக வேண்டிய உயரம் 2015இல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேல் குறைந்தது இரண்டடி, அதாவது ஆறடி. என் வீட்டுச் சுவரில் உள்ள 2023 கோட்டுக்கு ஒன்றேகால் அடி மேலேதான் 2015 கோடு, அதை வைத்து அளந்துகொள்ளலாம், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

மழைக்கு முன்பே முடிக்கக்கூடிய, அதிகம் செலவு பிடிக்காத வேலைகள் மூன்று இருக்கின்றன. சம்ப்பின் வாயைச் செங்கல் வைத்து இரண்டரை அடிக்கு உயர்த்தி, ரப்பர் வைத்த இரும்பு மூடி போடுங்கள், இரண்டு கொத்தனார் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். தெருச் சாக்கடைக்குப் போகும் கடைசிச் சேம்பரில், எதிர்த்து வருவதைத் தடுக்கும் அந்த "நான்-ரிட்டர்ன்" வால்வை வையுங்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் மேலிருந்து வருகிற கழிவும் வெளியே போகாது என்பதால், அந்தச் சில மணி நேரம் மேல்மாடிகளில் தண்ணீரை முடிந்தவரை குறைவாக ஊற்ற வேண்டும், இதை ஒவ்வொரு வீட்டிலும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கேட் தூண்கள் இரண்டிலும் பலகை செருகும் காடி அடித்து இரண்டரை அடிக்குத் தடுப்புப் பலகை செய்து வையுங்கள், கூடவே ஒரு டீசல் பம்பு நம் சொந்தத்தில் இருக்கட்டும். வெளியே மூன்றடிக்கு மேல் நின்றால் பலகையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காம்பவுண்ட் சுவரே சாயும் என்று பொறியாளர் சொல்லியிருக்கிறார், அதையும் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வாட்ச்மேன் குடும்பத்தை இந்த மாதமே மொட்டைமாடி அறைக்கு மாற்றுங்கள். அறையை நாங்கள் நான்கு வீட்டாரும் சேர்ந்து சுத்தம் செய்து சுண்ணாம்பு அடித்துத் தருகிறோம், அதற்குச் சங்கத்திலிருந்து காசு வேண்டாம். ஃபேனும் கழிப்பறைக் கதவும் மட்டும் போட்டுக் கொடுங்கள்.

எச்சரிக்கை வந்தால் யார் என்ன செய்வது என்று ஒரு தாளில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். லிஃப்ட்டை இரண்டாம் மாடியில் நிறுத்தி அணைப்பது யார், தண்ணீர் படியேறும் முன்பே மெயினை இறக்குவது யார், சம்ப்பையும் மேல்தொட்டியையும் நிரப்பி மூடி வைப்பது யார், ஜெனரேட்டர் டீசலை எடுத்து மேலே வைப்பது யார். 2023இல் செல்போன் டவர்களும் செத்துப் போயின, குரூப்பில் போட்ட செய்தி மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தது, ஆகவே மாடிக்கு ஒருவர் கதவைத் தட்டிச் சொல்லும் ஏற்பாடு வேண்டும். மாநகராட்சியின் 1913, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 மூன்றையும் பெரிய எழுத்தில் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். எங்கள் நான்கு வீட்டிலும் சேர்த்து நடக்க முடியாத பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். தண்ணீர் வரும் முன்பே, பகல் வெளிச்சத்திலேயே, அவர்களை எந்த மாடியில் எந்த வீட்டில் தங்க வைக்கலாம் என்று இப்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். நடுராத்திரியில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு யார் கதவைத் தட்டுவது என்று நான் இன்னொரு தடவை யோசிக்க முடியாது.

கடைசியாக, குரூப்பை எல்லோரும் எழுதும்படி திறந்துவிடுங்கள். மழைக்காலம் முடியும் வரையாவது.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நான் டேப்பும் சாக்குக்கட்டியும் எடுத்துக்கொண்டு கார் நிறுத்தும் இடத்தில் இருப்பேன். 2015 கோட்டையும் 2023 கோட்டையும் பேனல் சுவரில் வரையப் போகிறேன். நிர்வாகக் குழுவிலிருந்து ஒருவராவது வந்து அளவைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஜி-3 வீட்டிலிருந்து